கருஞ்சீரகமா? கீமோதெரபியா?

 

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலையும் நேரத்தில், பள்ளிவாசல் வாயிலில் யாரேனும் ஒருவர் சிறு பாட்டிலுடன் காத்து நிற்பது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. பாட்டிலில் கருஞ்சீரக எண்ணெய் இருக்கும். "ஹஜ்ரத், ஓதி ஊதித் தாருங்கள், வீட்டில் உடம்புக்கு முடியவில்லை" என்பார். என்ன நோய் என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். மார்பில் கட்டி என்று சொல்லவே நாக்கு எழாது. ஓதித் தருவதில் எந்த இமாமுக்கும் தயக்கம் இருக்காது. மருத்துவமனைக்குச் சென்றீர்களா என்று அடுத்துக் கேட்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. "சென்றோம், மார்பை எடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும், முடி கொட்டும் என்றார்கள். அதனால்தான் முதலில் இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று வந்துவிட்டோம்" என்று பதில் வருகிறது.

"அதனால்தான்" என்ற அந்த ஒரு சொல்லில் ஒரு தாயின் உயிர் ஊசலாடுகிறது என்பதை நாம் உணர்ந்திருக்கிறோமா?

இந்தியப் பெண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும் இத்தனை மரணங்கள் ஏன்? நம் பெண்கள் மருத்துவரிடம் வந்து சேரும்போது கட்டி அக்குளுக்கும் எலும்புக்கும் பரவியிருக்கிறது. வெட்கம் சில மாதங்களைத் தின்கிறது, பயம் சில மாதங்களைத் தின்கிறது. எஞ்சிய மாதங்களை எண்ணெயும் இலையும் பொடியும் தின்றுவிடுகின்றன.

ஹதீஸும் அறிஞர்களின் விளக்கமும்

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு நிவாரணம் இருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளிய செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள ஆதாரப்பூர்வமான ஹதீஸ். இதில் ஐயமில்லை. ஆனால் அதை அறிஞர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா? புகாரீக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், தமது ஃபத்ஹுல் பாரீயில் இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தை எடுத்துரைக்கிறார்கள். சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் கருத்து குறிப்பானது; எல்லா நோய்களின் தன்மைகளுக்கும் எதிரான எல்லாத் தன்மைகளும் ஒரே தாவரத்தில் ஒன்றுசேர்வதில்லை; ஈரத்தன்மையால் உண்டாகும் நோய்களையே இது குறிக்கிறது என்பதே அவ்விளக்கத்தின் சாரம். இதற்கு மாற்றமான கருத்துடைய அறிஞர்களும் உண்டு. ஆனால் அவர்களிலும் எவரும், கருஞ்சீரகம் இருக்கிறது, ஆகவே மருத்துவரிடம் போகாதீர்கள் என்று எழுதிவைக்கவில்லை.

எழுதவும் முடியாது. நோயைப் படைத்த இறைவன் அதற்கான மருந்தையும் படைத்துள்ளான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய நபி (ஸல்) அவர்களே, நெஞ்சு வலியால் துன்புற்ற ஸஅத் (ரலி) அவர்களை, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. அஜ்வா பேரீச்சம்பழம் மதீனாவில் இல்லாமலா இருந்தது? அதே நூலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்தால், அதனால் விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி. "இதைக் குடி, கட்டி கரைந்துவிடும்" என்று கைப்பேசியில் செய்தி அனுப்பும் நம் சகோதரர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர்களான மருத்துவ மேதைகள் இந்த நோயை அறிந்தே இருந்தார்கள். அரபியில் இதற்கு 'ஸரத்தான்' என்று பெயர். நண்டு என்று பொருள். ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய அத்தஸ்ரீஃப் என்ற பெருநூலில், மார்பகத்தைப் போன்ற இடத்தில் கட்டி சிறிதாக, தொடக்க நிலையில் இருந்தால் அதை முழுமையாக வெட்டி எடுக்கலாம் என்கிறார். முற்றிப் பெரிதாகிவிட்டால் அதை நெருங்கக் கூடாது என்றும், அந்த நிலையில் தாம் ஒருவரையும் குணப்படுத்தியதில்லை என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். மயக்க மருந்தும் கதிரியக்கமும் இல்லாத காலத்திலேயே அந்த மேதை கண்டுகொண்ட உண்மை இது: காலம் தாழ்த்தினால் கை நழுவும். அவருக்கும் கருஞ்சீரகம் தெரியும், தேனும் தெரியும்.

மருந்துப் பாட்டிலுக்குள் இருக்கும் தாவரம்

"இயற்கை மருந்தா, இங்கிலீஷ் மருந்தா?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். கேள்வியே பிழையானது. கீமோதெரபி என்று நாம் அஞ்சும் மருந்துகளில் பல, செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தவையே.

நித்தியகல்யாணியைத் தெரியாதவர் உண்டா? கபரஸ்தான் ஓரத்திலும் வீட்டு வாசலிலும் ஊதா, வெள்ளை நிறங்களில் பூத்துக் கிடக்கும் செடி. ஜமைக்காத் தீவில் மக்கள் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்துவந்தனர். 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படியானால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று சிந்தித்ததன் விளைவாக வின்பிளாஸ்டின் பிறந்தது. பின்னர் வின்கிறிஸ்டினும் வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் என்ற மருந்து, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையைப் பறித்து அரைத்துவிட வேண்டாம். வெள்ளணுக்களைக் குறைக்கும் நஞ்சு அது. மில்லிகிராம் கணக்கில், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே தர வேண்டியது.

அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வளரும் 'யூ' மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது பேக்லிடாக்ஸெல். அதன் வேதி அமைப்பை 1971இல் வெளியிட்ட ஆய்வாளர் குழுவில், மன்ரோ வாலுடன் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் இருந்தார். 1994இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டது. நோயாளிகள் 'சிவப்பு ஊசி' என்று அஞ்சும் டாக்சோரூபிசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் கொடை. எரிபுலின் என்ற மருந்தின் மூலம் ஜப்பான் கடலில் வாழும் ஒரு பஞ்சுயிரி. ஸுப்ஹானல்லாஹ்! நிலத்திலும் கடலிலும் நிவாரணத்தை ஒளித்துவைத்தவன் அதைத் தேடிப் பிரித்தெடுக்கும் அறிவையும் மனிதனுக்குத் தந்திருக்கிறான். செடியை ஏற்றுக்கொண்டு அறிவைத் தள்ளிவிடுவது எந்த வகை நன்றி?

விருத்தாசலத்துக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க உவமை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் மண்ணை அரைத்து, சலித்து, கூழாக்கி, அச்சில் ஊற்றி, காயவைத்து, 1,200 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்த பிறகே அது மின்சாரத்தைத் தாங்கும் பீங்கானாகிறது. அதுவும் மண்தான், குளத்து மண்ணும் மண்தான். அதற்காக மின்கம்பத்தில் பச்சை மண்ணைப் பிசைந்து அப்பினால் என்ன ஆகும்? பச்சிலைக்கும் அளந்து கொடுக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுதான். சூளையில் வெந்த பின்பும் தட்டிப் பார்த்துச் சோதிக்கிறோம். விரிசல் விட்டதை ஒதுக்குகிறோம். மருந்துக்கும் அப்படியொரு சோதனை உண்டு.

ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களை ஒரு பொருள் கொன்றது என்பது அந்தச் சோதனையின் முதல் படி மட்டுமே. தட்டில் இருக்கும் அணுவைச் சோப்பு நீரும்தான் கொல்லும். விழுங்கிய பொருள் குடலைக் கடந்து, கல்லீரலைத் தாண்டி, இரத்தத்தில் போதிய அளவு கலந்து, கட்டியை அடைய வேண்டும். வழியில் நல்ல அணுக்களைக் கெடுக்கவும் கூடாது. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற பொருள் தட்டிலும் எலியிலும் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களை அது குணப்படுத்தியதாகக் காட்டிய மனித ஆய்வு எதுவும் இல்லை. ஈரானில் நடந்த ஒரு சிறு ஆய்வில், கதிரியக்கத்தால் புண்படும் மார்புத் தோலில் கருஞ்சீரகக் களிம்பு தடவியபோது எரிச்சல் தணிந்தது. அது வரவேற்கத்தக்க உதவிதான். ஆனால் தோலின் எரிச்சல் தணிவது ஒன்று, கட்டி கரைவது வேறொன்று.

மஞ்சளின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அதிலுள்ள குர்குமின் வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. 1998இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அது உடலில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியதாகக் கண்டனர். இதைக் கொண்டு மஞ்சள்-மிளகு மாத்திரைகள் கடைகளில் குவிந்தன. ஆனால் மிளகு எப்படி அந்த வேலையைச் செய்கிறது? அந்நியப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலின் ஆற்றலை மட்டுப்படுத்தித்தான்! அதே கல்லீரல்தான் புற்றுநோய் மருந்தையும் கையாள்கிறது. 2019இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், டமோக்சிபென் சாப்பிடும் பெண்களுக்குக் குர்குமினும் பைப்பரினும் கொடுத்துப் பார்த்தார்கள். டமோக்சிபென் உடலில் எண்டாக்சிபெனாக மாறிய பிறகே முழு வீரியத்துடன் செயல்படும். அந்த எண்டாக்சிபெனின் அளவு இரத்தத்தில் குறைந்துவிட்டது. நன்மை என்று எண்ணி விழுங்கிய மாத்திரை, உயிர் காக்கும் மாத்திரையின் காலை வாரிவிடுகிறது. குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தில் போடும் மிளகையும் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். உணவின் அளவு வேறு, செறிவூட்டிய மாத்திரையின் அளவு வேறு.

எதுவுமே உதவாதா என்று மனம் தளர வேண்டாம். கீமோதெரபியின் குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் தலைமையில் 576 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள். வாந்தியை நிறுத்தும் வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் நன்கு குறைந்தது. நம் வீட்டுச் சுக்குப் பொடியில் கால் தேக்கரண்டி முதல் அரைத் தேக்கரண்டி வரைதான் அந்த அளவு. அது மருந்துக்குப் பதிலாக அன்று, மருந்துடன் சேர்த்து என்பதைக் கவனியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சோயா உணவைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. சீனாவின் ஷாங்காய் நகரில் நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் உண்டவர்களிடையே நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறானது முள்சீத்தா. கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று பல ஆண்டுகளாக ஒரு செய்தி சுற்றுகிறது. அந்தப் பத்தாயிரம் தட்டில் எண்ணிய பத்தாயிரம், மனிதரிடம் நிரூபித்ததன்று. மாறாக, அதிலுள்ள அனோனாசின் நரம்பணுக்களைக் கெடுக்கக்கூடியது. குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடையே நடுக்குவாதம் போன்ற நோய் அதிகம் காணப்பட்டதற்கு இதையே காரணமாக ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். பாதாம்பழக் குடும்பத்துக் கசப்புக் கொட்டையிலிருந்து எடுத்த லேட்ரில் என்ற பொருளை 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பயன் இல்லை, சிலரது இரத்தத்தில் சயனைடு நஞ்சு ஏறியது என்று அமெரிக்காவில் 1982லேயே அறிவித்துவிட்டார்கள். இன்னமும் அதை 'வைட்டமின் பி17' என்று விற்கிறார்கள்.

சித்த மருத்துவத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகளைப் புற்றுக்குக் கொடுக்கும் மரபு அதில் உண்டு. சேராங்கொட்டை நம் முந்திரியின் குடும்பம். முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் கை அதன் தோட்டெண்ணெய் பட்டு எப்படிக் கொப்பளிக்கும் என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் முறைப்படி சுத்தி செய்யாமல் அதைத் தரக் கூடாது என்று சித்தர் மரபே விதிக்கிறது. இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசம் உண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், அல்லது சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் ஆலோசனை பெறுங்கள்; அங்கே பெற்றதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சந்தையில் கூவி விற்பவரிடமும், பெயர்ச்சீட்டு இல்லாத லேகியக்காரரிடமும் பெண்ணின் உயிரை ஒப்படைக்காதீர்கள்.

"கொடுத்துப் பார்க்கலாம்" என்பதன் விலை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலெங்கும் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் மருத்துவமனைச் சிகிச்சையை முற்றிலும் ஒதுக்கி மாற்று வழிகளை மட்டும் நாடிய 281 பேரின் ஏடுகளை ஆராய்ந்து, 2018இல் அச்சில் வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் ஐந்தரை மடங்குக்கும் மேல் இருந்தது. அதே குழுவின் மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் அபாயம் இரு மடங்கானது. இலை அவர்களைக் கொல்லவில்லை. இலை தந்த தைரியத்தில் அறுவையையோ கதிரியக்கத்தையோ மாத்திரையையோ பாதியில் விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளிதான் கொன்றது.

வெட்கத்தைப் பற்றி ஒரு சொல். ஹயா ஈமானின் கிளைதான். ஆனால் உயிருக்கு ஆபத்து எனும்போது மருத்துவரிடம் காட்டுவது, தேவையான அளவுக்கு, மார்க்கம் அனுமதித்த ஒன்று. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம். இல்லையேல் கணவரோ மகனோ உடனிருக்க ஆண் மருத்துவரிடம். இதில் ஃபிக்ஹு நூல்களில் குழப்பமே இல்லை. கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே செல்லுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பக் கட்டிகளில் பெரும்பாலானவை வலிக்காது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை இலட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்த பரிசோதனையே, 50 வயதைக் கடந்த பெண்களிடம் இந்நோயால் வரும் மரணத்தை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. பெரிய இயந்திரம்கூடத் தேவைப்படவில்லை!

நம் ஊரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அப்பணிக்குத் தூண்டியது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தினக்கூலிக்குப் பீங்கான் பட்டறைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியுமே மலைப்பாக இருக்கும். ஜமாஅத்தின் பைத்துல்மால் ஏற்க வேண்டிய செலவு இது. தகுதியுள்ள நோயாளிக்கு ஜகாத் நிதியும் செல்லும்.

செல்லும்போது ஒரு தாளில், வீட்டில் சாப்பிடும் எண்ணெய், பொடி, லேகியம், மாத்திரை அனைத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். பூண்டு மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அறுவைக்கு எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார். சில புதிய மாத்திரைகள் சாப்பிடும்போது பம்ப்ளிமாஸ் பழத்தைக்கூடத் தவிர்க்கச் சொல்வார். கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும்.

ரமளானைப் பற்றிச் சகோதரிகள் கேட்கிறார்கள். கீமோதெரபி நடக்கும் நாள்களில் நோன்பை விட மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமான பின் களா செய்யலாம், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். சிகிச்சை முடிந்து டமோக்சிபென் மட்டும் சாப்பிட்டு வருபவருக்கு, நோன்பு வைக்க உடல் இடம் தருகிறது என்று மருத்துவர் சொன்னால் சிரமமே இல்லை. பெரும்பாலும் அது நாளைக்கு ஒரு வேளை மாத்திரைதான். ஸஹரிலோ இஃப்தாரிலோ, தினமும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு, ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டிய மாத்திரை அது.